வார்ஃபரின் எடுப்பவர் வல்லாரை சாப்பிடலாமா?

2024 பெப்ரவரி 11, காலை (தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது)

அப்பாவுக்கு வயது 68. பதினைந்து வருடமாக நீரிழிவு, அதற்கும் முன்பிருந்தே பிரஷர். இதயம் தாளம் தவறித் துடிக்கிறது என்று போன மாதம் கண்டுபிடித்து வார்ஃபரின் குளிசை தொடங்கியிருக்கிறார்கள். கீரை என்ற பேச்சே இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. அப்பாவின் நண்பரோ, தினமும் பச்சை உள்ளியும் கறுவாத் தண்ணீரும் எடுத்தால் இரத்தம் தானாக இளகிவிடும், குளிசையே தேவையில்லை என்கிறார். அப்பாவுக்கு நண்பரின் பேச்சுத்தான் பிடித்திருக்கிறது. யார் சொல்வது சரி?

2024 பெப்ரவரி 11, இரவு

இரண்டு பேர் சொல்வதும் தவறு. நண்பர் சொல்வது உயிருக்கு ஆபத்தான தவறு. வைத்தியர் சொல்லாமல் குளிசையை ஒரு நாளும் விட வேண்டாம். கீரையையும் விட வேண்டாம்.

என் அம்மாவுக்கும் இதே வருத்தம். வயது 74, வெள்ளவத்தையில் என்னோடு இருக்கிறார். 2021 இல் ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலது கை பிரஷைப் பிடிக்க மறுத்தது, வாய் ஒரு பக்கம் இழுத்தது. சிறிய பாரிசவாதம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கினால் இரத்தம் அங்கே தேங்கும், தேங்கியது உறையும், உறைந்ததிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போகும். அன்றிலிருந்து வார்ஃபரின்.

முதல் மூன்று மாதம் நானும் உங்கள் மாமி சொன்னதைத்தான் செய்தேன். கீரை வீட்டுப் படியேறவில்லை. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை எண்தான் ஐ.என்.ஆர்.; எண் கூடினால் உறைவது பிந்தும். அம்மாவுக்கு அது 2 க்கும் 3 க்கும் இடையில் நிற்க வேண்டும். வந்த எண்கள் 1.6, பிறகு 3.9, பிறகு 1.4. கிளினிக்கில் இருந்த இளம் வைத்தியர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "வீட்டில் கீரை சமைக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன், நல்ல பெயர் கிடைக்கும் என்ற நினைப்பில். "நாளையிலிருந்து தினமும் ஒரே அளவாகச் சமையுங்கள்" என்றார். கீரை திரும்பி வந்து இரண்டு மாதத்தில் எண்கள் அடங்கின.

ஏன் என்பதை நாளை எழுதுகிறேன். திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் ஒரு கட்டு இருக்கின்றன.

2024 பெப்ரவரி 12

இரத்தம் உறைய உதவும் சில புரதங்களை ஈரல் செய்கிறது. அவற்றில் நான்கு, அதாவது காரணி 2, 7, 9, 10 ஆகியவை, விற்றமின் கே இல்லாமல் முழுமையடையாது. ஒரு முறை வேலை செய்த விற்றமின் கேயை உடல் புதுப்பித்துத் திரும்பவும் எடுத்துக்கொள்ளும். வார்ஃபரின் அந்தப் புதுப்பிக்கும் இடத்தை அடைத்துவிடுகிறது. கீரை வழியாகப் புதிய விற்றமின் வந்தால் அடைப்பைச் சுற்றிக்கொண்டு வேலை நடக்கும், ஐ.என்.ஆர். இறங்கும். மாமி கேள்விப்பட்டது இந்தப் பாதியை.

மீதிப் பாதி: வழக்கமாக மிகக் குறைவான விற்றமின் கே எடுப்பவரின் உடலில் இருப்பு மிகச் சொற்பம். அவர் ஒரு நாள் கல்யாண வீட்டில் ஒரு பிடி முருங்கையிலை வறை சாப்பிட்டாலே கணக்குக் குலைந்துவிடும். ஒவ்வொரு நாளும் ஓரளவு எடுப்பவருக்கு அந்த ஒரு பிடி பெரிய மாற்றம் இல்லை. 2007 இல் இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள், ஐ.என்.ஆர். காரணமில்லாமல் ஏறி இறங்கிய 70 பேரை எடுத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 150 மைக்ரோகிராம் விற்றமின் கே கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்களின் எண்கள் மற்றவர்களைவிட நிலையாக நின்றன. பிந்திய ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு தெளிவாக வரவில்லை, ஆகவே யாரும் கடைக்குப் போய் விற்றமின் கே குளிசை வாங்க வேண்டாம். ஆனால் உணவில் இருப்பதை வெட்டி எறிவதில் பயன் இல்லை என்று சொல்ல இது போதும்.

இந்த விற்றமினின் பெயரே உறைதலிலிருந்துதான் வந்தது. கோபன்ஹேகனில் ஹென்றிக் டாம் கொழுப்பு நீக்கிய தீவனம் கொடுத்த கோழிக்குஞ்சுகள் தோலுக்கடியில் இரத்தம் கசிந்து கிடந்தன. தீவனத்தில் இல்லாத ஒன்றுதான் காரணம் என்று கண்டு, உறைதலுக்கான ஜெர்மன், டேனிஷ் சொல்லின் முதலெழுத்தை அதற்கு வைத்தார். 1943 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கும் எட்வர்ட் டொய்சிக்கும்.

வார்ஃபரினின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்கியது. 1920 களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் செத்தன. 1933 இல் விஸ்கொன்சினில் ஒரு விவசாயி பனிப்புயலுக்குள்ளே செத்த மாட்டையும் ஒரு கேன் உறையாத இரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு கார்ல் போல் லிங்க் என்பவரின் ஆய்வுகூடத்துக்கு வந்தார். அந்த வைக்கோலிலிருந்து பிரித்த பொருளின் வழியில் வந்த மருந்துதான் இது. 1948 இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது, 1955 இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் கொடுத்தார்கள். இதை அம்மாவுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "எலி மருந்தையா எனக்கு மூன்று வருடமாகத் தருகிறாய்?" என்று இரண்டு நாள் குளிசையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எலிக்குக் கொடுப்பதும் மனிதருக்குக் கொடுப்பதும் அளவில் வேறு என்று விளங்கவைக்க நேரம் எடுத்தது.

2024 பெப்ரவரி 14

அளவு எவ்வளவு என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பெண்ணுக்குப் போதுமென்று சொல்லப்படுவது 90 மைக்ரோகிராம், ஆணுக்கு 120. நூறு கிராம் பச்சை முளைக்கீரையில் ஏறக்குறைய 1,140. கோவாவில் (முட்டைக்கோசில்) 76 அளவில். பூசணி, பருப்பு, சோறு இவற்றில் கணக்கில் வைக்க ஒன்றுமில்லை. சோயா எண்ணெயில் நூறு கிராமுக்கு 180 அளவில் இருக்கிறது, தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட இல்லை. எண்ணெயை மாற்றினாலும் கணக்கு மாறலாம் என்பதை நான் நெடுநாள் கவனிக்கவில்லை.

சமைத்தால் போய்விடாது, இது சூடு தாங்கும் விற்றமின். கொழுப்போடு சேர்ந்தால் உடல் நன்றாக ஏற்கும். தேங்காய்ப்பூப் போட்ட வறையும் பால் விட்ட கீரைக்கறியும் வெறும் அவியலைவிட அதிகம் தரும்.

எங்கள் வீட்டில் நாளுக்கு அரைக்கட்டு, மதியம் மட்டும்.

2024 பெப்ரவரி 20

மேலே "அரைக்கட்டு" என்று எழுதியதை மாற்றுகிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அக்கா, கட்டு என்பது அளவா, நிறுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். நிறுத்தேன். சந்தையில் ஒரே பெண்ணிடம் ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு பொன்னாங்காணிக் கட்டுகளில் ஒன்று 180 கிராம், மற்றது 320. மழைக்காலத்தில் இலை தளதளவென்று வரும், வெயில் காலத்தில் தண்டுதான் மிஞ்சும். நான் ஒரே அளவு என்று நம்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது ஒரே அளவே இல்லை.

இப்போது சமைத்த பிறகு அளக்கிறேன். ஒரு சிறிய அகப்பை நிறைய வறை. அந்த அகப்பையை வேறு எதற்கும் எடுப்பதில்லை. அக்காவுக்கு நன்றி.

2024 மார்ச் 3

"இரத்தம் தடித்துவிட்டது", "இரத்தத்தைத் தண்ணீராக்கும் குளிசை". இந்த இரண்டு சொற்களும் நம்மைப் பாடாய்ப் படுத்துகின்றன. என் மாமா ஒருவர் இரத்தம் தடித்திருக்கிறது என்று கேட்டு நாளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் குடிக்கத் தொடங்கி, உடலில் உப்புக் குறைந்து தலை சுற்றி விழுந்தார். வார்ஃபரின் இரத்தத்தை இளக்குவதில்லை. பாகு போலிருந்தது நீர் போல ஆவதில்லை. உறைய எடுக்கும் நேரம் நீள்கிறது, அவ்வளவுதான்.

ருடோல்ஃப் ஃபிர்ஹோ என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரில் இன்றும் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள்: இரத்தம் தேங்குவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, இரத்தமே உறையத் துடிப்பது. நீரிழிவும் பிரஷரும் கொழுப்பும் உள்ள உடலில் பின்னிரண்டும் நாள் முழுவதும் நடக்கின்றன. பிரஷர் சுவரைத் தேய்க்கிறது. சீனி கூடினால் குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) சிறு தூண்டலுக்கே ஒட்டிக்கொள்கின்றன. உறைவுக்கு நாராகும் ஃபைப்ரினோஜன் என்ற புரதமும் கூடுகிறது.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது வயிற்றுக் கொழுப்பைப் பற்றிய செய்தி. உடலில் சிறு சிறு உறைவுகள் உண்டாவதும் உடனே கரைவதும் வழக்கம். கரைக்கும் வேலையைத் தடுக்கும் ஒரு புரதம் உண்டு, பி.ஏ.ஐ.-1 என்பார்கள். வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்து இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில் அது கூடுகிறது. உறைவு உண்டாவதும் கூடுகிறது, கரைவதும் குறைகிறது. எடை இறங்கினால் அது இறங்கும். உள்ளிக்கும் கறுவாவுக்கும் ஓடுபவர்கள் முதலில் தங்கள் சோற்றுக்கோப்பையைப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் சோறு ஒரு மலை, கறிகள் அதன் அடிவாரத்தில் நாலு துளி. அம்மாவுக்கு நான் செய்தது கோப்பையில் முதலில் மரக்கறியைப் போட்டு, பாதி நிறைந்த பிறகே சோற்றுக் கரண்டியைத் தொடுவது. ஒரு வருடத்தில் ஆறு கிலோ குறைந்தது. பசிக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

2024 மார்ச் 9

கறுவாவைப் பற்றி. வாசகர் ஒருவர், கறுவாப்பட்டையில் குமரின் இருக்கிறது, வார்ஃபரினும் குமரின் வகைதானே, ஆகவே கறுவா இயற்கை வார்ஃபரின் என்று எழுதியிருக்கிறார். நன்றாக யோசித்திருக்கிறார், ஆனால் ஒரு படி தவறிவிட்டது. குளோவரிலும் குமரின் இருந்தது. நல்ல வைக்கோலைத் தின்ற மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூஞ்சை அந்தக் குமரினை வேறொரு பொருளாக மாற்றிய பிறகே இரத்தம் உறையாமல் போனது. குமரின் தனியே அந்த வேலையைச் செய்யாது, அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். அதுவும் அதிகம் இருப்பது கசியா என்ற தடித்த பட்டையில். நம் நாட்டுக் கறுவாவில் மிகவும் சொற்பம். கறிக்குப் போடுங்கள், வாசனைக்குப் போடுங்கள். கறுவாத்தோட்டம் என்று ஊருக்கே பெயர் வைத்த நகரம் நம்முடையது, கறுவாவை நான் குறை சொல்லமாட்டேன். மருந்துக்கு மாற்றாக வைக்காதீர்கள்.

உள்ளி, இஞ்சி, மஞ்சள் மூன்றும் சோதனைக் குழாயில் சிறுதட்டுகள் ஒட்டுவதைக் குறைக்கும். கறியில் போடும் அளவுக்கு அப்படி எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் செறிவாக்கிய மாத்திரைகள் வேறு கதை. எங்கள் தெருவில் ஒரு கடையில் மஞ்சளும் மிளகும் சேர்த்த குளிசையை "மூட்டு வலிக்கு" என்று அம்மாவிடம் விற்றுவிட்டார்கள். வார்ஃபரின் எடுக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லவேளை, போத்தலை நான் அன்றிரவே கண்டேன். மஞ்சள் மாத்திரை எடுத்து ஐ.என்.ஆர். எகிறியவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன.

2024 மார்ச் 18

தெஹிவளை வாசகர் திரும்பி வந்திருக்கிறார். அப்பாவின் ஐ.என்.ஆர். 1.3. குளிசை தவறவில்லை, வீட்டுக் கீரை அளந்துதான். ஒரு வாரம் வீடு முழுக்கத் துப்பறிந்து கடைசியில் கண்டுபிடித்தது இலைக்கஞ்சி. அப்பா காலையில் கடற்கரை ஓரம் நடந்துவிட்டு வரும் வழியில் தினமும் ஒரு குவளை வாங்கிக் குடிக்கிறார். வல்லாரைச் சாறும் தேங்காய்ப்பாலும் அரிசியும். கேட்டால், "அது கஞ்சிதானே, கீரை இல்லையே" என்றாராம்.

அவரைத் திட்ட வேண்டாம். சீனி போட்ட பால் தேநீரும் ரோல்ஸும் தின்ற மனிதர் நடக்கப் போய் இலைக்கஞ்சி குடிக்கிறார் என்றால் அது நல்ல மாற்றம். கஞ்சி பிடித்திருந்தால் தினமும் அதே குவளை என்று வைத்துக்கொண்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் அதற்கேற்பக் குளிசையின் அளவைக் கூட்டுவார். சொல்லாமல் குடிப்பதும் சொல்லாமல் நிறுத்துவதும்தான் கெடுதல். மருந்தைக் கூட்டிய பிறகு கஞ்சியை விட்டால் இரத்தக் கசிவு வரலாம்.

2024 ஏப்ரல் 17

வருடப்பிறப்பு முடிந்தது. மூன்று நாள் பயற்றம் பணியாரமும் முறுக்கும். எங்கள் கட்டடத்தில் ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர் 14 ஆம் திகதி இரவு கொத்து ரொட்டி சாப்பிட்டுப் படுத்தவர், விடிகாலை மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார். இப்போது தேறி வீடு திரும்பிவிட்டார். அந்தக் கொத்து ரொட்டிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவருடைய குழாய்களில் கொழுப்புப் படிய இருபது வருடம் எடுத்திருக்கும். ஆனால் கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பின் சில மணி நேரம் உறைதல் காரணி 7 விழித்துக்கொள்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி. படிந்திருந்த கொழுப்பு வெடிக்கும் நேரமும் அதுவாக இருந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் எனக்கு இரண்டு இரவு தூக்கத்தைக் கெடுத்தது.

தேங்காய் எண்ணெயைப் பற்றி இங்கே பெரிய சண்டை நடக்கிறது. தேங்காயை விட்டுவிட்டு நம்மால் சமைக்க முடியாது, நானும் விடவில்லை. ஆனால் அந்த எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு, விதை எண்ணெய்களோடு ஒப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது என்பதையும் மறுக்க முடியாது. சொதிக்கு முதற்பாலை நிறுத்தி இரண்டாம் பாலில் வைக்கிறேன். பொரியல் மாதம் இரண்டு முறை. பொரித்த எண்ணெயைத் திரும்பப் பொரிக்க எடுப்பதில்லை.

2024 மே 26

மீனைப் பற்றிச் சென்ற வருடம் நான் வேறோர் இடத்தில் எழுதியதைச் சிலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். மீனெண்ணெய்க் குளிசை எல்லா நீரிழிவுக்காரருக்கும் நல்லது என்று எழுதியிருந்தேன். அது பிழை, திரும்பப் பெறுகிறேன்.

அந்த நம்பிக்கை வந்த வழி இது. 1970 களில் டென்மார்க்கைச் சேர்ந்த பாங், டயர்பெர்க் என்ற இருவர், மீனும் கடல் விலங்கும் தின்னும் கிரீன்லாந்து இனுயிட் மக்களின் இரத்தத்தை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு இரத்தம் நிற்க நேரம் அதிகம் எடுத்தது. ஒமேகா 3 சிறுதட்டுகளின் ஒட்டும் தன்மையைக் குறைக்கிறது என்ற விளக்கம் வந்தது. அந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. ஆனால் குளிசையாகக் கொடுத்துப் பார்த்தபோது? பிரிட்டனில் இதய நோய் இல்லாத 15,480 நீரிழிவுக்காரருக்கு ஏழு வருடத்துக்கு மேல் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2018 இல் வந்தது. நாளுக்கு ஒரு கிராம் மீனெண்ணெய் எந்தக் குறிப்பிடத்தக்க நன்மையும் தரவில்லை. அதிக அளவில் எடுத்தால் இதயம் தாளம் தவறும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் அப்பாவுக்கும் என் அம்மாவுக்கும் இருக்கிற அதே கோளாறு. நான் ஆறு மாதம் அம்மாவுக்கு அதை வாங்கிக் கொடுத்தேன்.

அதே ஆய்வில் அஸ்பிரினும் பார்த்தார்கள். மாரடைப்பும் பாரிசவாதமும் நூற்றுக்கு 9.6 பேரிலிருந்து 8.5 ஆகக் குறைந்தன, பெரிய இரத்தக் கசிவு 3.2 இலிருந்து 4.1 ஆகக் கூடியது. வாங்கியதும் கொடுத்ததும் கிட்டத்தட்டச் சரி. இதய நோய் வந்துவிட்டவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்களுக்குப் பொதுவாக வைத்தியர்கள் அஸ்பிரின் கொடுப்பார்கள். வராதவர்கள் தாமாகத் தொடங்க வேண்டாம். வார்ஃபரினோடு சேர்த்துத் தாமாகப் போடவே வேண்டாம்.

மீனைச் சாப்பிடுங்கள். சூடையும் சாளையும் கும்பளாவும் விலை குறைந்த மீன்கள், ஒமேகா 3 நிறைந்தவை. குழம்பாக வையுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் உள்ளவருக்கு அது ஆகாது. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பாணிலும் அச்சாறிலும் டின்மீனிலும் ஏற்கனவே அதில் பெரும்பங்கு போய்விடுகிறது.

2024 மே 27

சைவக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: கச்சான், ஆளிவிதை, பருப்பு. ஸ்பெயினில் 7,447 பேரை வைத்துச் செய்த உணவு ஆய்வில், கொட்டை வகைகளையோ ஒலிவ் எண்ணெயையோ தாராளமாகச் சேர்த்தவர்களுக்கு மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது குறைந்தன. 2013 இல் வந்த அந்தக் கட்டுரையைப் பங்கேற்றவர்களைப் பிரித்த முறையில் குறை இருந்ததால் மீளப் பெற்று, 2018 இல் திருத்தி வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான். அவர்கள் கொடுத்தது வால்நட், பாதாம், ஹேசல்நட். காலிமுகத்திடலில் வறுத்து விற்கும் கச்சான் அதற்கு ஈடா என்பது என் ஊகம் மட்டுமே. உப்புப் போடாததாக வாங்குங்கள்.

இன்னொன்று. சைவமாக இருந்து, நீரிழிவுக்கான மெட்ஃபோர்மின் குளிசையும் நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். கால் விறைப்பைச் சீனியின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாமல் அதையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

2024 ஜூன் 30

கொட்டாஞ்சேனையில் தம்பிக்கு டெங்கு. இதயக் குழாயில் வலைக்குழாய் (ஸ்டென்ட்) வைத்தவன், அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுப்பவன். இரண்டு மருந்தும் சிறுதட்டுகளை முடக்குபவை, டெங்கு சிறுதட்டுகளையே அழிக்கிறது. 38,000 வரை இறங்கியது. மருந்தை எந்த நாளில் நிறுத்துவது, எந்த நாளில் திரும்பத் தொடங்குவது என்பதை வைத்தியர்கள் நாளுக்கு நாள் பார்த்து முடிவு செய்தார்கள். வீட்டிலிருந்து பப்பாசி இலைச் சாறு கொண்டுபோக நின்ற உறவினரை நான் வாசலில் மறித்தேன்.

கொழும்பில் மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் இரத்தம் சார்ந்த எந்தக் குளிசை எடுப்பவரும் முதல் நாளே கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிக் குளிசைகளைத் தொட வேண்டாம்.

2024 ஓகஸ்ட் 29

நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வந்தோம். இரவு பஸ், எட்டு மணி நேரத்துக்கு மேல். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இல் சொன்னது. வாய்ப்புத் தொடக்கத்தில் மிகச் சிறியது, ஆகவே பதறத் தேவையில்லை. ஆனால் எங்கள் பஸ்ஸில் இருந்த பெண்கள் பாதிப்பேர் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. வழியில் போகக்கூடிய கழிப்பறை இல்லை என்ற ஒரே காரணம். நானும் இளம் வயதில் அப்படித்தான் பயணம் செய்தேன். பருத்த உடல், நீரிழிவு, வற்றிய உடம்பு, மடித்த கால், எட்டு மணி நேரம். இது உணவு விவகாரமே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம், தண்ணீரும் உணவுதான். பஸ் நடத்துபவர்கள் இரண்டு சுத்தமான நிறுத்தங்களைக் கொடுத்தால் போதும். அம்மாவை இரண்டு தடவை இறக்கி நடக்கவைத்தேன், சாரதி முணுமுணுத்தார், பரவாயில்லை.

2024 நவம்பர் 12

பெப்ரவரியில் நான் எழுதிய முதல் குறிப்பை இன்று திரும்ப வாசித்தேன். "ஒரே அளவு" என்று அழுத்திச் சொன்ன என் வீட்டிலேயே அது உடைந்தது.

அம்மா கந்தசஷ்டி விரதத்தை நாற்பது வருடமாக விட்டதில்லை. வார்ஃபரின் தொடங்கிய பிறகு மூன்று வருடம் ஒரு நேரச் சாப்பாட்டோடு பிடித்தார். இந்த வருடம் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும். எனக்குச் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடம் போன பிறகு, வைத்துவிட்டுப் போன மதியச் சாப்பாட்டைக் கட்டடக் காவலாளிக்குக் கொடுத்திருக்கிறார். சூரசம்ஹாரத்தன்று பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலில் நின்றபோது, பல் ஈறில் இரத்தம் என்று கைக்குட்டையைக் காட்டினார். மறுநாள் காலை ஐ.என்.ஆர். 5.8.

வேறு எங்கும் கசிவு இல்லை. வைத்தியர் இரண்டு நாள் குளிசையை நிறுத்தச் சொன்னார், பிறகு எடுத்த அளவு 2.9. அந்த இரண்டு இரவும் நான் மணிக்கொரு தடவை எழுந்து அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன், பேச்சு குழறுகிறதா என்று.

முதலில் முழுப் பழியையும் விரதத்தின் மேல் போட்டேன். கீரை இல்லை, கொழுப்பு இல்லை, உள்ளே போன விற்றமின் கே சொற்பம், குளிசை மட்டும் அதே அளவு. பிறகு அலமாரியைப் பார்த்தால் பரசிற்றமோல் அட்டைகள் இரண்டு வெறுமையாக இருந்தன. பசித் தலைவலிக்கு நாளுக்கு நாலு, ஆறு என்று போட்டிருக்கிறார். தொடர்ந்து சில நாள் எடுத்தால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்தே ஏற்றியிருக்கும். சீனிக் குளிசையையும் வழமைபோல் எடுத்திருக்கிறார். சீனி இறங்கி மயங்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் என்ற நினைப்பை எழுதக்கூட எனக்கு மனம் வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் விடமாட்டாய்" என்றார். உண்மை. மூன்று வருடமாக அகப்பையையும் தராசையும் வைத்துக்கொண்டு அம்மாவின் கோப்பையை நான்தான் ஆண்டேன், அவரிடம் ஒன்றையும் கேட்கவில்லை.

2024 நவம்பர் 13

மூவர் ஒரே கருத்தை எழுதியிருக்கிறார்கள், விரதத்தைத் தடைசெய்யுங்கள் என்று. செய்யமாட்டேன். விரதம் தொடங்க ஒரு வாரத்துக்கு முன் கிளினிக்கில் சொல்வோம், என்ன முறையில் பிடிக்கலாம் என்று அவர்களிடமே கேட்போம். இது அம்மாவும் நானும் பேசி எடுத்த முடிவு.

2024 டிசெம்பர் 8

புதிய குளிசைகளுக்கு மாறினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று தெஹிவளை வாசகர் கேட்கிறார். அபிக்சபான், ரிவரோக்சபான், டபிகாட்ரான் இவை விற்றமின் கே வழியாக வேலை செய்வதில்லை, கீரைக் கணக்கு வேண்டாம், ஐ.என்.ஆரும் வேண்டாம். உங்கள் அப்பாவுக்குப் பொருந்தக்கூடும், சிறுநீரகப் பரிசோதனை முடிவோடு வைத்தியரிடம் கேளுங்கள். ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் என்றால் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் உடல் சரியாக ஏற்காது. விரதக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விலையும் கவனிக்க வேண்டும். வாங்க முடியாமல் மாதத்தில் பத்து நாள் விடுவதைவிட வார்ஃபரினை ஒழுங்காக எடுப்பது எத்தனையோ மடங்கு பாதுகாப்பு.

அம்மா மாற முடியாது. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வார்ஃபரின் வகையே மேல் என்று 2022 இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. உலோக வால்வு வைத்தவர்களுக்கும் புதியவை கூடாது.

2024 டிசெம்பர் 29

நேற்று கிளினிக். 2.4. திருவெம்பாவை வருகிறது, பத்து நாளும் மதியம் ஒரு நேரம் சாப்பிடுவேன் என்று அம்மாவே வைத்தியரிடம் சொன்னார். அந்த ஒரு நேரத்தில் கீரை இருக்குமா என்று அவர் கேட்டார். இருக்கும் என்றார் அம்மா, அளவை நானே போட்டுக்கொள்வேன் என்றும் சொன்னார். அகப்பை இப்போது அம்மாவின் கையில். கொப்பியில் திகதிக்குப் பக்கத்தில் அவரே சின்னதாக "கீ" என்று எழுதுகிறார். இன்று வல்லாரை.